தொடாமல் எழுப்பிய இர்ஷானா ராத்தா

இர்ஷானா ராத்தாவை நான் முதன்முதலில் கண்டது எங்கள் அலுவலக மாடிப்படியில். கண்டது என்று சொல்வதும் முழு உண்மையில்லை. ஒரு பெரிய மட்டைப்பெட்டி படியேறி வந்துகொண்டிருந்தது. அதன் முன்பக்கத்தைப் பிடித்தபடி பின்னுக்குப் பின்னாக ஏறி வந்தவர் சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு வயசாளி. மறுபக்கத்தில் பெட்டிக்கு மேலால் ஒரு மூக்குக்கண்ணாடியும் கறுப்புத் தலைத்துணியும் மட்டும் தெரிந்தன.

"தம்பி, பாத்துக்கிட்டு நிக்காம கதவைத் தள்ளிப் பிடிங்க. வாப்பாட நாரி முறிஞ்சு போனா உம்மா என்னத்தான் கொல்லுவா."

ஓடிப்போய்க் கதவைப் பிடித்தேன்.

பெரியகல்லாற்றில் வாவியை ஆராயும் ஒரு சிறு நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வாவியில் அங்கங்கே நட்டிருக்கும் அளவுகம்பங்களிலிருந்து நீர்மட்டமும் உப்புத்தன்மையும் வந்து சேரும். அவற்றை ஒழுங்காக்கி வைப்பது என் வேலை. வாகரையில் எங்கள் குடும்பத்தில் கம்பஸ் படி மிதித்த முதல் ஆள் நான். வேலை கிடைத்த கிழமை அப்பா கடலுக்குப் போகாமல் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அப்படிப் பெருமையோடு வந்து உட்கார்ந்தவனுக்கு அன்று கிடைத்த உத்தரவு கதவு பிடிப்பது.

பெட்டிக்குள் இருந்தது எங்களுடைய புதுச் சேர்வர். கொழும்புக் கம்பனி ஒன்று பல ஊர்களிலும் உள்ள அலுவலகங்களுக்குச் சேர்வர் வைத்துக் கொடுத்துப் பராமரிக்கிறது. கிழக்குப் பக்கத்துச் சேர்வர்களுக்குப் பொறுப்பு இர்ஷானா ராத்தா. வேலை காத்தான்குடியில், வீட்டிலிருந்தபடியே. அன்றைக்குப் புதுப் பெட்டியைப் பொருத்திப் பூட்ட வேண்டியிருந்ததால் நேரில் வந்திருந்தா. ஏற்றி வந்தது அவவுடைய வாப்பாவின் ஓட்டோ. பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்து வந்த வயசாளிதான் அந்த வாப்பா, மஜீட் என்று பெயர்.

"மெடம், இதை எங்க வைக்கிறது?" என்று கேட்டேன்.

"மெடமும் வேணா, கிடமும் வேணா. ராத்தா எண்டு கூப்பிடுங்க."

அவர்கள் பக்கத்தில் அக்காவுக்கு ராத்தா. அன்றிலிருந்து எனக்கும் அதுதான்.

சேர்வரைத் தட்டில் ஏற்றிய பிறகு அவ இரண்டு நெட்வேர்க் வயர்களை எடுத்துப் பின்புறத்தில் தனித்தனியாகச் செருகினா.

"ஒரு சேர்வருக்கு ஏன் ராத்தா ரெண்டு வயர்?"

"ஒண்டு அதுக்கு. மத்தது எனக்கு."

நான் விளங்காமல் நின்றதைப் பார்த்துத் தரையிலேயே உட்கார்ந்து சொன்னா. சேர்வருக்குள் இன்னொரு சின்னக் கொம்பியூட்டர் கிடக்கிறதாம். பெரியவர் படுத்துக் கிடந்தாலும், செத்தே போனாலும், கரண்ட் இருக்கிற வரைக்கும் சின்னவர் முழித்துக்கொண்டிருப்பார். இரண்டாவது வயர் அவருக்கு. அதன் வழியாக அவ வீட்டிலிருந்தே பெரியவருடைய திரையைப் பார்க்கலாம், விசை அழுத்தலாம், நிப்பாட்டலாம், கிளப்பலாம்.

"மெயின் சங்கதி அதில்ல தம்பி. மிசின் எழும்பாட்டி என்ன செய்வம்? ஒரு சீடி இறுவட்டையோ பென் டிரைவையோ கொண்டு வந்து செருகி, அதில இருந்து எழுப்பித் திருத்துவம். இதில அந்த வட்டுட படத்தை, அச்சொட்டான பிரதியை, என்ட லப்டொப்பில வெச்சிக்கிட்டு, மிசினுக்குள்ள வட்டுப் போட்ட மாதிரிக் காட்டலாம். வேர்ச்சுவல் மீடியா எண்டு சொல்ற. மிசின் நம்பிரும்."

"பொய்யா?"

"ஓம். மிசினுக்கு மட்டுந்தான்."

போகும்போது எந்தக் கம்பஸ் என்று கேட்டா. வந்தாறுமூலை என்றேன்.

"நான் ஒலுவில். எங்கட வீட்டில நான்தான் முதல் பட்டதாரி."

"எங்கட வீட்டிலயும் நான்தான் ராத்தா."

படியிறங்கிக்கொண்டிருந்த மஜீட் வாப்பா திரும்பிப் பார்த்தார். "முதலும் அவதான், கடைசியும் அவதான். மத்ததெல்லாம் புடவைக் கடைகள்ல துணி கிழிக்கிதுகள்."

அதன் பிறகு பெரும்பாலும் போனில்தான் பேச்சு. ஏதாவது கோளாறு என்று எடுத்தால் ஸலாம் சொல்லும் முன்பே திரையைத் திறந்திருப்பா. "ஆ, கண்டுட்டன். நீங்க தேத்தண்ணி குடிங்க" என்பா. நான் கோப்பையைக் கழுவி வைக்கும்போது எல்லாம் சரியாகியிருக்கும்.

ஒருநாள் அவ குரலில் அந்தத் துடிப்பு இல்லை. என்ன என்று கேட்டபோது, கொழும்பில் புது மேலாளர் வந்திருக்கிறார் என்றா. அவருடைய எண்ணம், சேர்வர் பார்ப்பவர்கள் எல்லோரும் தலைமை அலுவலகத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது. மிசின் விழுந்தால் யாராவது போய்க் கையால் தொட்டுத்தான் எழுப்ப வேண்டும், அதற்கு வேன் இருக்கிறது, சாமான் இருக்கிறது, ஆட்களும் அங்கே இருந்தால்தான் சரி. ஜனவரியிலிருந்து கொழும்புக்கு வா, இல்லாவிட்டால் வேலையை விடு.

"வெள்ளவத்தையில ஒரு ரூம் எடுத்தா முடிஞ்சுதாம்" என்றா ராத்தா.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். மட்டக்களப்பில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். ராத்தாவின் உம்மா தான் இருந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் சின்னதாய் ஒன்று கட்டிக்கொண்டு வாப்பாவோடு ஒதுங்கிவிட்டா. அடுப்பு மட்டும் முன்வீட்டில்தான் எரியும். ராத்தாவின் புருஷன் இன்ஷாப்புக்குக் கட்டாரில் வேலை. மகள் நஸ்ஹா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அந்த வீட்டில் ராத்தா இல்லையென்றால் மற்ற எல்லோரும் விருந்தாளிகள் மாதிரி.

அவர்கள் பக்கத்தில் அண்ணனுக்குக் காக்கா. இன்ஷாப் காக்கா கட்டாரிலிருந்து போனில் கேட்டாராம். "நீ கொழும்புக்குப் போனா நான் லீவில எந்த வீட்டுக்கு வாறது? எனக்கு வேற ஏது வீடு புள்ள?"

சொல்லிவிட்டுச் சிரித்தா. பிறகு சிரிக்கவில்லை.

வேலையை விடுவதும் அவவால் ஏலாத காரியம். ஒலுவிலுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்து படித்த படிப்பு அது. ஊரில் சிலர், பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்குக் கொம்பியூட்டர் என்று வாப்பாவின் ஓட்டோவில் ஏறியிருந்தே கேட்டிருக்கிறார்கள். "இறங்குற இடம் வந்திட்டு" என்று அவர் பாதி வழியில் இறக்கிவிட்டதும் உண்டு.

ராத்தா மேலாளரோடு வாதாடினா. தொடத் தேவையில்லை, எல்லாச் சேர்வருக்கும் இரண்டாவது வயர் போட்டிருக்கிறேன், வட்டும் இங்கிருந்தே கொடுப்பேன் என்றா. சின்னச் சின்னத் திருத்தங்களுக்கு அது சரி, முற்றாக விழுந்த மிசினை அப்படி எழுப்பியதை நான் பார்த்ததில்லை என்றார் அவர். கடைசியில் ஒரு இடத்தில் வந்து நின்றார்கள். வருஷ முடிவுக்குள் ஒரு மிசின் விழுந்து, ஆள் போகாமல், கை படாமல், அவ அதை எழுப்பிக் காட்டினால் காத்தான்குடியிலேயே இருக்கலாம்.

சிக்கல் என்னவென்றால் அவ பார்க்கிற மிசின்கள் விழுவதில்லை.

"நல்லாப் பாத்துக்கிட்டா அவனுகள் விழமாட்டானுகள். அவனுகள் விழாட்டி நான் கொழும்பு" என்றா. "இப்பிடி ஒரு தலையெழுத்து."

"நாமளே ஒண்டை விழுத்தினா என்ன ராத்தா? எங்கட சேர்வரையே எடுங்க."

"சீ! நோன்பு பிடிச்சிக்கிட்டுக் கடைக்குப் பின்னால நிண்டு பிளேன்டீ குடிக்கிற மாதிரி."

ஐப்பசி வந்தது. எங்கள் நிலையத்தின் காவலாளி யோகராசா அண்ணன் பெரியகல்லாற்றுக்காரர். யாருக்கும் பயப்படாதவர், இடிமின்னலைத் தவிர. முந்தின மாரியில் அவருடைய மச்சான் வீட்டில் மின்னல் வந்து ரீ.வி. பெட்டி புகைந்து போனது. அதைக் கண்ணால் கண்ட நாளிலிருந்து, வானம் உறுமினால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவந்து கீழே இருக்கும் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். எங்கள் ஊர்களில் இடி என்றால் எல்லா வீட்டிலும் வயரைக் கழற்றுவார்கள். அவர் அதை ஒரு கட்டிடத்துக்கே செய்தார், அவ்வளவுதான். சேர்வருக்குக் கீழே பட்டரிப் பெட்டி இருந்ததால் வழக்கமாகக் கொஞ்ச நேரம் தாங்கும். அதற்குள் மழை ஓயும், அவர் சுவிட்சைத் தூக்கிவிடுவார்.

ஒருநாள் பின்னேரம் முழுக்க இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவரும் இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றியபடியே இருந்திருக்கிறார். பட்டரி வற்றிப் போனது. சேர்வர் பாதி எழும்பும்போது விழுந்து, மறுபடி பாதி எழும்பும்போது விழுந்து, கடைசியில் எழும்பவே இல்லை.

இது எனக்குத் தெரிய வந்தது மறுநாள் காலையில். தன்னாமுனையில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் போனைத் திறந்தால் நீர்மட்ட வரைபடம் வெறுமையாக இருந்தது. மழைக்காலத்தில் அந்த வரைபடத்துக்கு எங்களை விடப் பெரிய ரசிகர்கள் வெளியே இருக்கிறார்கள். வயல்வட்டையில் வெள்ளாமை செய்தவர்கள் ஒரு பக்கம், இறால் பிடிப்பவர்கள் ஒரு பக்கம், வாவி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அலுவலகத்துக்கு எடுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சேர்வர் அறைச் சாவி என்னிடம். பஸ் ஏறினேன். கல்லடிப் பாலம் தாண்டியதும் கொண்டக்டர் பின்னால் பார்த்துக் கத்தினார்.

"கோட்டைக்கல்லாத்தில ரோட்டுக்கு மேலால தண்ணி! பஸ் களுவாஞ்சிக்குடி மட்டுந்தான்!"

யோகராசா அண்ணனுக்கு எடுத்தேன். மெயின் சுவிட்சு இப்போது போட்டபடிதான் இருக்கிறது என்றார். "மேல்மாடி அறைக் கதவை உடைக்கட்டா மனே?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "அப்ப தோணி ஒண்டு பிடிச்சு வா. ஆத்தால வந்தாச் சுறுக்கா வரலாம்."

"இடியில தோணியிலயா அண்ணன்?"

"ஓ... அது மெய்தான்."

பிறகு ராத்தாவுக்கு எடுத்தேன். அவ ஏற்கெனவே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"விழுந்திட்டு தம்பி. சரியா விழுந்திட்டு." குரலில் பயமா சந்தோஷமா என்று பிரிக்க முடியவில்லை. "சாவியை வெச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீங்க? காத்தான்குடியில இறங்கி வீட்ட வாங்க. சேந்து பாப்பம்."

மஜீட் வாப்பா சந்தியில் ஓட்டோவோடு நின்றார். வீட்டுக்குள் போனால் சாப்பாட்டு மேசையில் லப்டொப். எதிரில் நஸ்ஹா. மழைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ராத்தா அவளுடைய போனைப் பிடுங்கி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தா. "இண்டைக்கு ஒருத்தரும் படம் பாக்கப்படா. லைன் முழுக்க எனக்கு வேணும்."

நான் நாற்காலியில் உட்காரும்போதே கொழும்பு மேலாளரின் அழைப்பு வந்தது. ராத்தா ஸ்பீக்கரில் போட்டா. அவர் கோபமாகப் பேசவில்லை. நிதானமாகத்தான் பேசினார். நாளைக் காலை வேன் புறப்படும், தண்ணீர் வடிகிற வழியைப் பார்த்துப் போவார்கள் என்றார். "வேன் போக வேண்டி வந்தால் நாங்கள் பேசிய பேச்சு முடிந்தது, இர்ஷானா. ஜனவரியில் இங்கே உங்களுக்கு ஒரு மேசை இருக்கும்."

"சரி சேர்" என்று வைத்தா. பின்வாசலில் நின்ற உம்மா உள்ளே வந்தா. பிளேன்டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, மகளின் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி, லப்டொப்பில் கொட்டாத தூரத்தில் வைத்தா.

திரையில் கறுப்புப் பின்னணியில் சில வெள்ளை வரிகள். வட்டுக்குள் கோப்புகள் எது எங்கே கிடக்கிறது என்ற ஒழுங்கு உடைந்து போயிருந்தது. பொருட்கள் போகவில்லை, இருக்கிற இடம்தான் மிசினுக்குத் தெரியவில்லை. வேறொரு வட்டிலிருந்து எழுப்பி அந்த ஒழுங்கைத் திருத்த வேண்டும். ராத்தா தன் லப்டொப்பில் இருந்த திருத்தும் வட்டின் படத்தைத் தெரிவு செய்து, இணை என்று அழுத்தினா. பெரியகல்லாற்றில் பூட்டிய அறைக்குள் இருந்த மிசின், தனக்குள் யாரோ இறுவட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று நம்பி எழும்பத் தொடங்கியது. நான் கைதட்டப் போனேன்.

"பொறுங்க" என்றா.

திரை நகர்ந்தது. நின்றது. ஒரு வரி வந்தது. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டா. இந்த முறை இன்னும் கொஞ்சத் தூரம் போய் அறுந்தது. வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த மழையில் வீட்டு லைன் இழுத்து இழுத்துத்தான் வந்தது. மூன்றாம் முறையும் அறுந்தபோது அவ கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தா.

இத்தனை நாளும் அவ செய்து பார்த்ததெல்லாம் வெயில் நாட்களில். நல்ல லைனில் எல்லாம் ஓடியது. மழையில் ஒரு முறையும் முயன்று பார்த்ததில்லை. மிசின் விழுவதோ எப்போதும் மழையில்தான்.

வாப்பா வாசலில் நின்றபடி, "ஓட்டோவைத் தண்ணிக்குள்ள விட்டுப் பாக்கட்டா மகள்?" என்று கேட்டார்.

"நீங்களும் விழுந்தா உங்களையும் நான்தான் எழுப்பணும் வாப்பா."

நஸ்ஹா களுக்கென்று சிரித்தாள். ராத்தாவும் சிரித்தா. சிரித்துக்கொண்டே இருந்தவ சட்டென்று என் பக்கம் திரும்பினா.

"தம்பி, உங்கட சேர்வர் அறையில ஒரு பெக்கப் பெட்டி இரிக்கெல்லா? ராவைக்கு ராவைக்கு எல்லாத்தையும் பிரதி எடுத்து வைக்கிறது. அது எழும்பி நிக்கிதா?"

போனில் பார்த்தேன், பெட்டி எழும்பித்தான் நின்றது.

"அதுட பாஸ்வேர்ட்?"

அது எனக்குத் தெரியும். அமைத்தவனே நான்தான். சொன்னேன். அவ விறுவிறென்று தட்டினா. "நான் ஒரு மொக்கு தம்பி. காத்தான்குடியில இருந்து ஒவ்வொரு கரண்டியா அள்ளிப் பெரியகல்லாத்துக்கு ஊட்டிக்கிட்டு இரிக்கன். சோத்துச் சட்டியையே அங்க கொண்டு போய் வைக்கலாமெல்லா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வட்டின் படம் அவ லப்டொப்பிலிருந்துதான் போக வேண்டும் என்றில்லை. அதே அறையிலிருக்கும் பெக்கப் பெட்டியை இணையத்திலிருந்து அந்தப் படத்தை இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லலாம். அலுவலக லைனில் இறங்குவது வேகம். பிறகு சின்னவரிடம், வட்டு என்னிடம் இல்லை, உனக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டியில் இருக்கிறது, அங்கே எடு என்று ஒரு வரி சொன்னால் போதும். ராத்தா வீட்டு லைன் அறுந்தாலும் வட்டு அறாது.

பெட்டி இறக்கத் தொடங்கியது. பச்சைக் கோடு மெல்ல மெல்ல நீண்டது. உம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனா. கோடு முழுதாக நிரம்பி, ராத்தா அதை இணைத்து, மிசின் திருத்தும் வட்டிலிருந்து ஒழுங்காக எழும்பி நின்றபோது, வாவிப் பக்கத்திலிருந்து ஒரு உறுமல் கேட்டது.

நான் நாற்காலியை விட்டு எழும்பினேன். "ராத்தா. யோகராசா அண்ணன்."

ஓடிப் போனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"மனே, இஞ்ச வானம் கறுத்திட்டு. நான் மெயினை இறக்கப் போறன்."

"அண்ணன், தொடாதீங்க! கையை எடுங்க!"

"என்னடா சொல்றாய்? மின்னுது."

நான் என் படிப்பையெல்லாம் எடுத்து விட்டேன். கட்டிடத்துக்கு இடிதாங்கி இருக்கிறது, மின்னழுத்தம் கூடினால் தடுக்கும் கருவி இருக்கிறது, இத்தனை வருஷத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர், "நீ படிச்சது எனக்குத் தெரியும் மனே. மின்னலுக்குத் தெரியுமா?" என்றார். "எரிஞ்சா யோகராசாதான் காவல் நிண்டவன் எண்டு சொல்லுவானுகள். உன்னையா பிடிப்பானுகள்?"

ராத்தா என் கையிலிருந்து போனை வாங்கினா. இன்னொரு கை விசைப்பலகையிலேயே இருந்தது.

"யோகராசா அண்ணன், நான் இர்ஷானா. சேர்வர் பூட்ட வந்த."

"ஓம் புள்ள, வாப்பாவோட வந்த நீங்க."

"அண்ணன், இந்த மிசின் இப்ப ஒப்பரேசன் மேசையில கிடக்கு. வயித்தைத் திறந்திட்டன். இப்ப கரண்ட் போனா மறுகாத் தைக்க ஏலா. எரிஞ்சா, இர்ஷானாதான் இறக்க வேணா எண்டு சொன்னா எண்டு என்ட பேரைச் சொல்லுங்க. நீங்க சுவிட்சைத் தொடாம மட்டும் நிண்டா காணும்."

அவர் குரல் தாழ்ந்தது.

"வயித்தைத் திறந்தாச்சா?"

"ஓம் அண்ணன்."

"அப்ப சரி. கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறன். ஆனா கீழ இருக்கிற ரீ.வி.ட வயரை மட்டும் கழட்டுவன்."

"அதைக் கழட்டுங்க. தாராளமாக் கழட்டுங்க."

அவர் போனை வைக்கவில்லை. ராத்தா அதை மேசையில் ஸ்பீக்கரில் வைத்துவிட்டுத் திருத்தும் கட்டளையைக் கொடுத்தா. திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. இது உடைந்திருக்கிறது, திருத்தவா, திருத்தியாச்சு. அடுத்தது உடைந்திருக்கிறது, திருத்தவா, திருத்தியாச்சு. ஒவ்வொரு இடிக்கும் யோகராசா அண்ணனின் நேரடி வர்ணனை.

"விழுந்திட்டு... ஆத்துக்குள்ள போல... ஒண்ணுமில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றா உம்மா, பின்னாலிருந்து.

"இது கிட்ட... முருகா... லைட் ஒருக்கா மங்கினது."

ராத்தாவின் விரல்கள் நின்றன. திரை ஓடிக்கொண்டே இருந்தது.

"திரும்ப வந்திட்டு. நான் தொடல்ல புள்ள. சத்தியமா நான் தொடல்ல."

நஸ்ஹா எழும்பி வந்து ராத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. வாப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு மழைக்குள் நடந்தார். அவர் பள்ளிவாசலிலிருந்து திரும்பி வரும்போது வரிகள் ஓய்ந்திருந்தன. சுத்தம் என்று ஒரு சொல் திரையின் அடியில் நின்றது.

ராத்தா மிசினை மறுபடி கிளப்பினா. கறுப்புத் திரை. கம்பனியின் சின்னம். பிறகு வந்தது முன்பு பார்த்த அதே திருத்தும் வட்டின் முகப்பு.

நான் திரைக்குக் கிட்டக் குனிந்தேன். இவ்வளவும் செய்து மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டதா? ராத்தாவும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தா. வாப்பா ஈரத் தொப்பியோடு வாசலில் நின்றார். பிறகு அவ நெற்றியில் அடித்துக்கொண்டா.

"வட்டை எடுக்கல்ல! உள்ளுக்கே விட்டுட்டன். அது திருப்பியும் அதையே திண்ணுது."

வட்டைக் கழற்று என்று ஒரு சொடுக்கு. மறுபடி கிளப்பினா. சின்னம் வந்தது. கறுப்பு. வரிகள், வேறு வரிகள், எனக்குப் பழக்கமான எங்களுடைய சேர்வரின் வரிகள். கடைசியில் எங்கள் நிலையத்தின் பெயரோடு உள்நுழைவுத் திரை. நான் போனைத் திறந்தேன். வெறுமையாகக் கிடந்த வரைபடத்தில் ஒரு புள்ளி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அளவுகம்பங்கள் சேர்த்து வைத்திருந்த பழைய அளவுகளும் பின்னால் வரத் தொடங்கின. வாவி நன்றாகத்தான் ஏறியிருந்தது.

ராத்தா மேசையில் தலையைக் கவிழ்த்தா. உம்மா பதறி ஓடி வந்தா.

"என்ன புள்ள? என்ன நடந்த?"

"எழும்பிட்டு உம்மா."

"எழும்பிட்டா?" உம்மா மகளின் முதுகைத் தடவினா. கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே நின்றா. "அப்ப சோறு போடட்டா?"

போனிலிருந்து குரல் வந்தது. "ஹலோ... ஹலோ... நான் இனிக் கையை அவிழ்க்கலாமா?"

வீடே சிரித்தது. சிரித்து முடிய ராத்தா முகத்தைக் கழுவி வந்து கொழும்புக்கு எடுத்தா.

"சேர், வேன் தேவையில்ல. மிசின் ஓடுது."

கொஞ்ச நேரம் அவர் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "யார் போனது?"

"ஒருத்தரும் போகல்ல சேர். ரோட்டில தண்ணி."

"அப்போ யார் தொட்டது?"

"ஒருத்தரும் தொடல்ல. தொடாம நிக்கிறதுக்குத்தான் ஒரு ஆளை வெச்சிருந்தம்."

அவருக்கு அது விளங்கியிருக்க நியாயமில்லை. ராத்தா செய்ததையெல்லாம் திரையில் பதிவு செய்து வைத்திருந்தா. அதை அனுப்பி வைக்கச் சொன்னார். அனுப்பினா. அன்று அந்த மேசையில் நான் சாப்பிட்ட சோறும் மீன் ஆணமும் சுண்டங்கத்தரிக்காயும் இன்னும் நாக்கில் நிற்கின்றன. வாப்பா என் சோற்றில் திரும்பத் திரும்ப ஆணத்தை ஊற்றினார், நான்தான் சேர்வரை எழுப்பினேன் என்பது மாதிரி. எனக்குத் தெரிந்து நான் சொன்னது ஒரு பாஸ்வேர்ட் மட்டும்.

தண்ணீர் வடிந்து நான் அலுவலகம் போன அன்று யோகராசா அண்ணன் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேல்மாடி அறைக்குத் தனி லைனும் தனி சுவிட்சும் போட்டுத் தர எலெக்ட்ரீசியனைக் கூட்டி வந்தோம். கீழே உள்ளதை அவர் இப்போதும் இடிக்கு இறக்குகிறார். அதை யாரும் தடுப்பதில்லை.

மேலாளர் அந்தப் பதிவை முழுக்கப் பார்த்திருக்கிறார். ஒரு கிழமை கழித்து ராத்தாவுக்கு எடுத்து, வட்டை எடுக்க மறந்த இடத்தில் தானும் பயந்துவிட்டேன் என்றாராம். மேசை தேவையில்லை, அங்கேயே இருங்கள் என்றாராம். இனிப் பூட்டுகிற ஒவ்வொரு சேர்வரோடும் அதே அறையில் திருத்தும் வட்டின் படத்தோடு ஒரு சின்னப் பெட்டி வைக்க வேண்டும் என்று கம்பனி முழுதுக்கும் சொன்னாராம். ராத்தா இதைச் சொல்ல எனக்கு எடுத்தபோது பின்னால் நஸ்ஹாவின் படச் சத்தம் உரக்கக் கேட்டது. அன்று அவளை யாரும் ஏசவில்லை.

இர்ஷானா ராத்தா இப்போது கிழக்கோடு வடக்குச் சேர்வர்களையும் பார்க்கிறா. காத்தான்குடியில், உம்மா எழுதிக் கொடுத்த அந்த வீட்டிலேயே இருக்கிறா.